யாரும் சொல்லாத இடம்

ஸ்கிராப் பெட்டியிலிருந்து தபஸ்ஸும் எடுத்த நான்காவது தகட்டிலும் ஓட்டை அதே இடத்தில்தான் இருந்தது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதிப் பராமரிப்பது அவள் வேலை. இவை பெரிய மாடல் தகடுகள். ஓட்டை வலது ஓரத்தில் விழுந்திருக்க வேண்டும், இடப்பக்கம் விழுந்திருந்தது. துளையிடும் மெஷினை ஓட்டிவந்த ஒப்பந்தத் தொழிலாளி மெட்டில்டா பட்டனை மாற்றி அமுக்கிச் சின்ன மாடலை ஓட்டிவிட்டாள், தகட்டையும் சரியாகப் பொருத்தவில்லை என்று முடிவு செய்து, மேனேஜர் டெனிஸ் அவளை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். அவளை நிரந்தரமாக்கும் பேச்சும் அத்தோடு நின்றது.

ஆனால் சின்ன மாடலுக்கு விழ வேண்டிய இடத்திலும் அந்த ஓட்டை இல்லை. ஒன்பது மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. எடுத்த எல்லாத் தகட்டிலும் அதே ஒன்பது. கவனக்குறைவு இவ்வளவு ஒழுங்காகவா இருக்கும்?

மெட்டில்டா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தப்பா போறதுக்கு முன்னாடி எந்த மாடல் ஓடிச்சு?" என்று கேட்டாள் தபஸ்ஸும்.

"சின்னது மேடம். பெருசுக்கு மாத்தினா மொத பீஸுதான் அப்டி போவும். அதுவும் எப்பனா ஒரு வாட்டி. நான் சரியாத்தான் அமுக்குனேன். யாரு கேக்கறாங்க?"

"நான்தான் கேக்கறேனே."

அப்போதுதான் மெட்டில்டா டேப்பைக் கீழே வைத்தாள்.

மாலையில் கம்பெனி பஸ் பெருங்களத்தூர் நெரிசலில் நின்றபோதும் தபஸ்ஸுமுக்கு அந்த ஒன்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் மூளை மாதிரி ஒரு கன்ட்ரோலர் உண்டு. டிரில்லை நகர்த்துவதற்கென்று தனியாக ஒரு மாட்யூல். எங்கே போக வேண்டும் என்ற எண்ணைக் கன்ட்ரோலர் மாட்யூலுக்கு எழுதும், மாட்யூல் படித்துக்கொண்டு கிளம்பும். எண் பெரிதாக இருந்தால் ஒரே தடவையில் போகாது. இரண்டு பாதியாகத்தான் போகும். ஒரு பாதி வந்து மறு பாதி வருவதற்குள் மாட்யூல் படித்துவிட்டால்? பாதி புதிய எண்ணும் பாதி பழைய எண்ணும் சேர்ந்து ஒன்றாகிவிடும். ஒருவருடைய போன் நம்பரின் பின்பாதியை இன்னொருவருடைய முன்பாதியோடு ஒட்டினால் யாரோ மூன்றாம் ஆள் எடுத்து ஹலோ சொல்வதைப் போல. போனிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக அந்த ஒன்பது மில்லிமீட்டர் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டாள். செம்பாக்கத்தில் இறங்கி நடக்கும்போதுதான், அந்தப் புரோகிராமை எழுதியவர் டெனிஸ் என்பது நினைவுக்கு வந்தது.

"வருஷக்கணக்கா ஓடுது தபஸ்ஸும். ஒரு கம்ப்ளெயின்ட் கெடையாது," என்றார் அவர் மறுநாள்.

"பெரிய மாடல் போன மாசம்தானே சார் வந்துச்சு? சின்ன எண்ணுக்கு ஒரு பாதியே போதும். இன்னொரு பாதி எப்பவும் பூஜ்யம். அதனால வெளிய தெரியல."

டெனிஸ் தாடையைச் சொறிந்தார். "கணக்கு சரியா வரலாம். கண்ணால பாக்காம நான் மேல எப்படிச் சொல்றது?"

"பாக்கலாம் சார். பட்டனை மெட்டில்டாவே அமுக்கட்டும். நீங்க அவங்க கையையே பாத்துட்டிருங்க."

டிரில்லைக் கழற்றிவிட்டு, இரண்டு மாடலுக்கும் நிற்க வேண்டிய இடத்தில் கோடு போட்டு, தகடில்லாமல் ஓட்டினார்கள். சின்னது, பெரியது, சின்னது, பெரியது. ஒவ்வொரு முறையும், டிரில்லைத் தாங்கி நகரும் ஸ்லைடு போக வேண்டிய இடத்துக்கே ஒழுங்காகப் போய் நின்றது. தப்பு வராமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் தபஸ்ஸும், இன்று தப்பு வரவேண்டும் என்று உள்ளுக்குள் துவா செய்துகொண்டிருந்தாள். டெனிஸ் மெட்டில்டாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தது, ஆறியது. பக்கத்து மெஷின்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"போதும்மா, எனக்கு மீட்டிங் கீது," என்று மெட்டில்டாவின் பேச்சிலேயே கிண்டலாகச் சொல்லி எழுந்தார் டெனிஸ். அவள் சிரிக்கவில்லை. பெரிய மாடல் பட்டனை மறுபடி அமுக்கினாள்.

ஸ்லைடு கிளம்பிய சத்தம் பாதியிலேயே அடங்கியது.

மூன்று பேரும் குனிந்தார்கள். சின்ன மாடலின் கோட்டைத் தாண்டி, பெரியதன் கோட்டை எட்டாமல், ஸ்லைடு நின்றிருந்தது. டெனிஸ் பாக்கெட்டிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"எவ்ளோ சார்?"

"ஒன்பது." அவர் குரல் சின்னப் பையனுடையது போல ஆகியிருந்தது. "இன்னொரு தடவை வருமா?" என்றவர், சட்டென்று மெட்டில்டா பக்கம் திரும்பினார். "நாளைலேர்ந்து நீ இங்கயே வந்துடும்மா."

"இன்னிக்கே வந்தா இன்னா சார்?"

டெனிஸ் மெஷின் முன்னிருந்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். மெட்டில்டாவின் கை இன்னும் பட்டன் மேலேயே இருந்தது, ஆனால் அமுக்கவில்லை. யாருக்கும் ஸ்லைடை உடனே திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. யாரும் போகச் சொல்லாத இடத்தில், அசையாமல், 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றது ஸ்லைடு.