பூமாரியின் வீட்டுக்காரர் ஊரில் இல்லை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "எம் புருஷன் திரும்பி வந்துட்டான்னு யார்ட்டயும் மூச்சு விட்டுராத" என்றாள். அதற்குள் எலுமிச்சம்பழக் கூடைகள் ஏறிவிட்டன. ஏற்றியவர்கள் போட்ட சத்தத்தில் மீதி கேட்கவில்லை. மீதியை நானே செய்துகொண்டேன். ஆக, இந்தக் கதையில் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நான் பொறுப்பல்ல.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆதரவற்ற அபலை பூமாரியின் குழிவிழுந்த கண்களில் தேங்கி நின்ற—'

அடித்துவிட்டேன். பூமாரியின் கண் குழிவிழவில்லை. விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள் அவள்; நூல் அறுந்தால் நாலு தறி தள்ளியிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். குழிவிழுந்தது நெஞ்சுதான். பஞ்சுத் தூசி இருமல். ராத்திரி ஷிப்டை விட்டால்தான் இருமல் விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராத்திரி ஷிப்டை விட்டால் சாப்பாட்டையும் விட வேண்டியிருக்கும் என்பது டாக்டருக்குத் தெரியாது.

நான் அடித்த வாக்கியம் வீணாகவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

2

வருஷம் 1987. புருஷன் விட்டுப்போன பெண்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிற திட்டம் அப்போது புதிது.* பூமாரியின் புருஷன் மூக்காண்டி, பம்பாயில் வேலை பார்க்கப் போகிறேன் என்று போய் வருஷக்கணக்காகியிருந்தது. கடுதாசியும் இல்லை, காசும் இல்லை.

(* திட்டத்தின் முழுப் பெயர் ரொம்ப நீளம். ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவளுக்கு நெஞ்சு நன்றாக இருக்கிறது, உதவி தேவையில்லை என்று அர்த்தம்.)

மனுவைப் பார்த்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., கேட்டார்: "ஏம்மா, புருஷன் இல்லங்கதுக்கு என்ன அத்தாட்சி?"

"இல்லாத ஆளுக்கு என்னத்தய்யா காட்டுவேன்? வீட்டுக்கு வந்து பாருங்க, இருக்க மாட்டாரு."

"செத்திருந்தா சர்டிபிகேட் இருக்கும். விதவைன்னா ஈஸி. ஓடிப்போனவன்தான் கஷ்டம்."

"அத யோசிக்காமப் போயிட்டாரு சார்."

ஆர்.ஐ. நல்ல மனிதர். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கதை ரொம்பச் சுலபமாகிவிட்டது.) வீட்டுக்கே வந்தார். கொடியில் வேட்டி கிடக்கிறதா என்று பார்த்தார். மாடக்குழியில் ஒரு பிளேடு அகப்பட்டது.

"இதுல யாரு சவரம் பண்ணுதது?"

"நூல் அறுக்க வச்சிருக்கேன் சார்."

பக்கத்து வீட்டு ஜரினா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சவுதியில், தம்மாமில் இருக்கிறான்.

"எங்க வீட்டுக்காரருந்தான் இங்கன இல்ல சார். எனக்கும் எழுதிக் குடுங்களேன்."

"அவரு பணம் அனுப்புதாருல்லா?"

"அப்பம் பணந்தான் புருஷன்ங்கிறீக."

சட்டப்படி அது சரியாக இருந்ததால் ஆர்.ஐ. பேனாவை எடுத்தார். குறித்துக்கொண்டு போனார்.

தொகை சாங்ஷன் ஆனது. தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்த அன்றைக்கே பூமாரி ராத்திரி ஷிப்டை விட்டாள். இருமல் மட்டுப்பட்டது. மாசம் தவறாமல் வந்தது பணம். மூக்காண்டியிடம் அவள் ஒருநாளும் காணாத ஒழுங்கு.

கதையை இங்கேயே முடித்திருந்தால் அரசாங்க மலரில் போட்டிருப்பார்கள்.

3

சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தோடு மூக்காண்டி வந்து இறங்கினான்.

அம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்து சாமியை வரவழைத்த ஊர் இது. பூமாரி அப்படியெல்லாம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் வந்தான், குடலிறக்கத்தோடு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஏட்டி, நான் வந்துட்டேன்."

"சத்தம் போடாதீரும். நீரு இல்லன்னு கவர்மெண்டே ஒத்துக்கிட்டிருக்கு."

"தாலி கட்டுனவன்ட்டி!"

"அதத்தான் மெதுவாச் சொல்லும்."

[இங்கே மூக்காண்டி மனந்திருந்தி அழுவதாக ஒரு பத்தி இருந்தது. பூமாரி நம்பவில்லை. எடுத்துவிட்டேன்.]

கேட்டவர்களிடம், ராயகிரியிலிருந்து வந்த சித்தப்பா மகன் என்றாள். மூக்காண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டீக்கடையில் போய், "நாந்தாம்ல பூமாரி புருஷன்" என்று மார்தட்டினான்.

டீக்கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனுக்குக் கல்யாணப் பந்தி பரிமாறியவர் அவர். "அவரு பம்பாயில்லா இருக்காரு அண்ணாச்சி? நீங்க யாரு?" என்றார்.

4

நாலைந்து நாளில் அவனுக்கு இறங்கியிருந்த குடல் மாட்டிக்கொண்டது. தர்மாஸ்பத்திரியில், உடனே ஆபரேஷன், இல்லாவிட்டால் பிழைக்கமாட்டான் என்றார்கள். நர்ஸம்மா பூமாரியிடம் சம்மதச் சீட்டை நீட்டினாள்.

"நீங்க யாரு?"

"கூடப்பொறந்த மாதிரி."

"பொய் சிஸ்டர்!" ஸ்ட்ரெச்சரிலிருந்து மூக்காண்டி அலறினான். "இவ எம் பொண்டாட்டி! இவதான்!"

கூட வந்திருந்த ஜரினா தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவன் பூமாரியை மனைவி என்று பத்துப் பேருக்கு முன்னால் சொன்னது அந்த இடத்தில்தான்.

"சம்சாரம்னா சம்சாரம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. டாக்டர் நிக்காரு."

பூமாரி பேனாவை வாங்கினாள். ஒரு ஆபீஸில் புருஷன் இல்லை என்று எழுதிக் கொடுத்த கை அது. எழுதினால் ராத்திரி ஷிப்டும் இருமலும் திரும்ப வரும். எழுதாவிட்டால்— 'விதவைன்னா ஈஸி' என்று ஆர்.ஐ. சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை. பேனா முனையிலேயே நின்றது.

மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏன் போட்டாள் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதினேன். ஒன்று பாசம், ஒன்று தர்மம், ஒன்று தமிழ்ப் பண்பாடு. மூன்றும் அவள் வாயில் நிற்கவில்லை. வெளியே வந்ததும் ஜரினா கேட்டாள். "அந்த ஆளு வலியில கத்துதாரு. கேட்டுக்கிட்டு நிக்க முடியல" என்றாள் பூமாரி. அவ்வளவுதான் கிடைத்தது.

அவன் பிழைத்தான். தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"பம்பாய்க்கு எப்பம் போறீரு?"

"என்னய வெரட்டுதியா?"

"நான் வெரட்டுனா செல்லாது. நீராத்தான் என்னய விட்டுட்டுப் போகணும். அதான் ரூல்."

மூக்காண்டி கஞ்சியைக் குடித்தான். "உடம்பு தேறட்டும், விட்டுட்டுப் போறேன்" என்றான். புருஷனாக அவன் கொடுத்த வாக்குகளில் பூமாரிக்குப் பயன்படக்கூடியது அது ஒன்றுதான். அதையும் அவன் காப்பாற்றுகிற மாதிரித் தெரியவில்லை.

5

முடிவு.

(அ) மூக்காண்டி வேலைக்குப் போகிறான், சம்பளத்தைக் கொண்டுவந்து பூமாரி கையில்— சிரிப்பு வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

(ஆ) ஆஸ்பத்திரிக் காகிதமும் தாலுகா ஆபீஸ் காகிதமும் சந்தித்துக்கொள்கின்றன. இரண்டு ஆபீஸ்கள் ஒன்றோடொன்று பேசுவதாக எழுதினால் அது விஞ்ஞானக் கதை. எனக்கு அந்தப் பழக்கமில்லை.

(இ) அவன் பம்பாய் போகிறான், பூமாரி பஸ் ஸ்டாண்டில்— இல்லை. அவள் வேலைக்கு லீவு போடமாட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். வருஷாந்தர விசாரணைக்கு ஆர்.ஐ. வந்திருக்கிறார். பூமாரி பகல் ஷிப்டில். ஜரினா கடையநல்லூரில் தாய்வீட்டில். பூமாரி வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருக்கிறது, உள்ளே மூக்காண்டி. இத்தனை வருஷம் பம்பாயில் சிரமமே படாமல் இல்லாமல் இருந்தவனுக்கு, வீட்டுக்குள் இருந்துகொண்டு இல்லாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது. ஒரு பாத்திரம் உருளுகிறது.

ஆர்.ஐ. தெருவைப் பார்க்கிறார். எதிர் வீட்டு வாசலில் ஒரே ஒரு ஆள், இதைப் படிக்கிற நீங்கள். உங்களை அங்கே குடிவைத்தது நான்தான். மன்னியுங்கள், வேறு யாரும் அகப்படவில்லை. நீங்கள் நேர்மையானவர் என்று கேள்வி.

அவர் பேனா மூடியைத் திறக்கிறார்.

"இந்தம்மா வீட்டுக்காரரு திரும்பி வந்துட்டாரா சார்? பார்த்தீங்களா?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர் என்னைக் கேட்கவில்லை.