கோசைன் கேட்ட மதியம்

1

இந்தக் கதை கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது என் சிநேகிதி ஸ்ரீப்ரியா சொன்னது. மீனவர் சங்கம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவள் அவள். கடலில் ஒரு வள்ளம் நின்றுபோனால், அதற்கு மிக அருகில் இருக்கும் வள்ளத்தை அது காட்ட வேண்டும்.

நான் முதலில் எழுதிய வரி: "அன்று கடல் கொந்தளித்துக்கொண்டு—" இல்லை. அன்று நல்ல வெயில்.

2

விழிஞ்ஞம் துறைமுகத்தில் சங்கத்தின் வயர்லெஸ் அறையிலிருந்து ரெம்யா ஸ்ரீப்ரியாவைப் போனில் கூப்பிட்டாள்.

"சேச்சி, ஒரு வள்ளத்துக்கு எஞ்சின் நின்னுபோச்சு. காத்து வெளிக்கடலுக்குத் தள்ளுது. பக்கத்துல ஆரு உண்டுன்னு கேட்டா, கம்ப்யூட்டர் என்னமோ இங்கிலீஷ்ல காட்டுது."

"அப்படியே வாசி."

வாசித்தாள். கோசைன் என்றொரு சார்பே இல்லை என்று பொருள்.

"கப்பல் போற வழியாக்கும் சேச்சி. எங்கண்ணன் சஜி அந்த வள்ளத்துலதான்."

(பள்ளிக் கணக்கில் வரும் அதே கோசைன். பூமி உருண்டை, தூரம் அளக்க அது வேண்டும்.)

3

ஸ்ரீப்ரியாவின் மடிக்கணினியில் அதே கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வந்தது. துறைமுகக் கணினிக்கான தரவுத்தள நூலகத்தைத் தொகுத்தவன் பக்கத்து இருக்கை வினய். (நூலகம் என்றால் புத்தகம் இல்லை, ஒரு மென்பொருள் தன் வேலைக்குத் துணை வைத்துக்கொள்ளும் இன்னொரு மென்பொருள். அதன் மூலநிரலை ஒரு கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றுவதுதான் தொகுப்பது.)

இங்கே வினயை அலட்சியக்காரனாக எழுதியிருந்தேன். காதில் பாட்டு, மேசையில் பாதி பரோட்டா, "எவனுக்குக் கணக்கு வேண்டும் என்று அணைத்துவிட்ட—"

ஸ்ரீப்ரியா மறுத்தாள். "அவன் எதையும் அணைக்கலை. கோசைன் மாதிரிக் கணக்கெல்லாம் வேணும்னு தொகுக்கறச்சே தனியாச் சொன்னாத்தான் வரும். என்கிட்ட இருந்தது யாரோ அப்படிச் சொல்லித் தொகுத்தது. அது எனக்கே தெரியாது. தெரிஞ்சாத்தானே அவன்கிட்ட சொல்லுவேன்?"

வில்லனை இழந்த கதாசிரியன் என்ன செய்வான்? எனக்கென்னவோ கதை இன்னும் சுவாரஸ்யமாகிவிட்டது.

4

வினய் கணக்கும் வேண்டும் என்ற விருப்பத்தைச் சேர்த்து மறுபடி தொகுக்க உட்கார்ந்தான். "இது அங்க போய்ச் சேர நேரமாகும். அதுவரை நீ கணக்க இங்கயே போடு."

வள்ளங்களின் இடங்களை மட்டும் ரெம்யா அனுப்பினாள். ஸ்ரீப்ரியா தன் மடிக்கணினியில் தூரம் பார்த்தாள்.

"பினுவோட வள்ளம். தெக்கே."

"பினுவா? அவன் இன்னிக்குப் போகலைன்னுல்லா நெனச்சேன்!"

ரெம்யா வயர்லெஸ்ஸில் பினுவைக் கூப்பிட்டாள். பினு சஜியின் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துவந்தான். உதடு வெடித்த சஜி கரையில் இறங்கி முழுக் குடம் தண்ணீர் கேட்டான். புதிய நூலகம் அதற்குப் பிறகே போய்ச் சேர்ந்தது.

5

கப்பல் ஒன்று உரசிப்போவதாக ஒரு முடிவு எழுதினேன், நடக்கவில்லை. வினய் மன்னிப்புக் கேட்பதாக ஒன்று; எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை.

நடந்தது இது. மறுநாள் ஸ்ரீப்ரியா விழிஞ்ஞம் போனாள். சஜிக்குக் கோபமில்லை, தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"அந்த நேரம் பாத்து மெஷினுக்கு என்ன கேடு சேச்சி? ஆரு செஞ்ச தப்பு?"

அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. உப்புப் பூத்த அந்த முகம் இப்போது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.