மேல்வரம்பில்லாத கூடை

பெர்னடெட்டின் அண்ணன் ஆம்புரோஸ் ரப்பர் பூட்ஸின் ஈரம்கூடக் காயாமல் அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். மீன்வளத் துறையில் மீன்களின் எண்ணிக்கைக் கணக்குப் பார்க்கும் தங்கையிடம் அவன் இதுவரை எதையும் கேட்டதில்லை.

"எங்க விரிகுடாவை மூடப் போறீங்களாமே?"

"மூடல அண்ணே. பிடிக்கிற அளவைப் பாதியா குறைக்கிறாங்க. காட் மீன் வருஷா வருஷம் சிறுத்துக்கிட்டே வருது."

"யாரு அளந்தா? சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு கூடையில போட்டு எண்ணினதோட சரி. பெரிய கூடைக்கு மேல்வரம்பு உண்டா? அப்பா பிடிச்ச மீனு என் இடுப்பு உசரம் வரும். அதையும் மத்ததோட சேர்த்து ஒரே நீளமா எழுதிட்டீங்க. இதுக்குப் பேரு கணக்கா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு கூடைக்கும் ஒரு நடு எண்ணை வைத்து, அதில் விழுந்த மீனுக்கெல்லாம் அதுவே நீளம் என்று கொண்டு, வருடங்களின் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் சரிவைப் பார்த்துத்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று தீர்ப்பு. பாதி மீனை வைத்துக்கொண்டு அண்ணனால் தாக்குப்பிடிக்க முடியாது. சரியாகக் கணக்கிட்டால் சரிவு குறையலாம் என்று, மூழ்குகிறவள் கயிற்றைப் பற்றுவதுபோல அவள் அந்த நியாயத்தைப் பற்றிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும். இப்பப் போய் எதுக்கும்மா நோண்டுற?" என்றார் மேலதிகாரி கோர்டன்.

"நடு எண் போட்டது தப்பு சார்."

"தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்கல."

அவள் நடு எண்களைத் தூக்கி எறிந்தாள். எந்தக் கோடு, எவ்வளவு சிதறல் இருந்தால் கூடைகள் இப்படி நிரம்பியிருக்கும் என்று தேடினாள். ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகித்து, விடை மாறாமல் நிற்கும்வரை கணக்கை ஓட்டினாள்.

சரிவு இன்னும் செங்குத்தாகிவிட்டது.

எங்கோ பிசகியிருக்கிறது என்று வேறிடத்திலிருந்து தொடங்கினாள். அதே விடை. பிறகுதான் புரிந்தது. பெரிய மீன்களெல்லாம் பழைய வருடங்களில்தான் இருந்தன. அவற்றுக்கு உரிய நீளத்தைக் கொடுத்ததும் கோட்டின் அந்த முனை உயர்ந்துவிட்டது. இந்த முனையில் உயர்த்தப் பெரிய மீனே இல்லை. சின்னக் கூடைக்கோ கீழ்வரம்பில்லை. அண்மை வருடங்களில் அதில் குவிந்தவை நினைத்ததைவிடச் சிறிய குஞ்சுகள். இந்தச் சரிவுக்குப் பாதி போதாது. முழுக்க மூட வேண்டும்.

படகுத் துறையில் ஆம்புரோஸ் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப விட்டுடு பெர்னி. பழைய கணக்கே போகட்டும்."

"விட்டா மூணு வருஷத்துல குஞ்சுகூட மிஞ்சாது அண்ணே."

"பாதி மீனை வெச்சு எப்படியாவது மூணு வருஷம் ஓட்டிட்டா போதும்டி எனக்கு. சின்னவ படிப்பு முடிஞ்சிரும்." அவன் குரல் உடைந்தது. "உன் கால்ல விழணுமா?"

அவன் தூரிகையைத் தண்ணீரில் வீசினான்.

"எங்கிட்ட ஏண்டி வந்து சொன்ன? சொல்லாம செஞ்சிருந்தா உன்னை வெறுத்துட்டாவது போயிருப்பேன்."

வெள்ளிக்கிழமை புதிய எண்ணைத்தான் அனுப்பினாள். ஜூலையில் விரிகுடாவை மூடினார்கள். ஆம்புரோஸ் நாட்டின் மறுகோடியில் இருந்த ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனான்.

பனி விழத் தொடங்கியபோது அண்ணி தொலைபேசியில் பேசினாள்.

"நல்லாத்தான் இருக்காராம். உன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்கன்னேன். ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு போனை வெச்சிட்டாரு."