ஸ்ட்ரைக்கர் விரல்

கேரம் ஆடுகிறவன் உடம்பில் ஊசி ஏறினால் அவனுடைய ஸ்ட்ரைக்கர் விரல் செத்துவிடும் என்பது மருத்துவ உலகம் தலைமுறை தலைமுறையாக மூடி மறைத்து வந்திருக்கும் உண்மை. அதைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தவர் ராயபுரம் சூசையப்பர் கேரம் மன்றத்தின் தலைவர் அம்புரோஸ். உலகம் என்றால் அன்று மன்றத்து பெஞ்சில் இடம் கிடைத்தவர்கள்.

அம்புரோஸ் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் உயரத்திலிருந்து கீழே பார்த்தே பழகியதால் எல்லாரும் அவருக்குச் சின்னதாகத்தான் தெரிவார்கள், டாக்டர்கள் உட்பட. தன் உடம்பில் ஊசி என்பது ஏறியதே இல்லை, கொரோனாவே தன்னைப் பார்த்து எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்விட்டது என்பார். கேட்டவர்கள் கொரோனாவுக்காகக் கொஞ்சம் பரிதாபப்படுவார்கள்.

அந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணம் மன்றத்து ஆட்டக்காரன் டென்னிஸ். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிறவன். காலையில் ஐஸ் கட்டியைப் பிடிக்கிற அதே கை, சாயங்காலம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு யாருடைய கையோ போல் ஆகிவிடும். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பு தாண்டுவதற்குள் அவனுக்குப் பாக்கி இருந்தது ஒரே ஒரு போட்டி. வீட்டில் மனைவி ஜானட், இப்போதுதான் நடக்கப் பழகும் மெர்லின். ஐஸ் கட்டியிலிருந்து மூன்று பேரும் தப்பிக்க இருந்த ஒரே வழி அந்த வலது ஆள்காட்டி விரல்.

சேட்டு கடித்தது அந்த விரலைத்தான்.

சேட்டு மன்றத்து நாய். உறுப்பினர் கட்டணம் கட்டாமல் உள்ளே படுத்திருக்கும் உரிமை பெற்ற ஒரே ஜீவன். தினமும் பன் போடுகிற கையை அன்று கடித்துவிட்டுத் துறைமுகம் பக்கம் ஓடியது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அம்புரோஸ் மாமா போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடரை எடுத்து, கடிவாயில் தாராளமாகக் கொட்டினார். "மருந்து கடையில விக்கிற பவுடருடா இது. ஆஸ்பத்திரில இத்தத்தான் வேற கலர்ல குடுப்பான்."

ஜானட் கேட்கவில்லை. அவனை இழுத்துக்கொண்டு எங்கள் வட்டாரத்து அரசு மருத்துவ நிலையத்துக்குப் போனாள். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் ஹெப்சிபா, குழாயடியில் வைத்து அந்த விரலைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாராம். பவுடர் முழுவதும் போனது. இரண்டு கையிலும் ஊசி போட்டு, இன்னும் மூன்று தடவை வரச் சொன்னார். அதைவிட முக்கியம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடிபட்ட இடத்திலேயே இன்னொரு மருந்தை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்.

"விரலுக்குள்ளயா?" என்று கேட்டானாம் டென்னிஸ்.

"விரலுக்குள்ளதான்."

அவன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மன்றத்துக்கு வந்தான். அன்றைக்குத்தான் மேற்படி உண்மை கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டாவது ஊசிக்கு அவன் வராததால் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு டாக்டரே மன்றத்துக்கு வந்துவிட்டார். தெருவில் பாதி கூடிவிட்டது. அம்புரோஸ் மாமா நாற்காலி போடச் சொன்னார், தனக்கு. டாக்டர் நின்றபடியே பேசினார். நாய்க்கடி நோய் எப்படி நரம்பு வழியாக ஏறும், மருந்து அதை எப்படி முந்த வேண்டும் என்று எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். புரிந்தது என்பதுதான் பிரச்சினை. புரிந்ததால் எல்லாருக்கும் கேள்வி வந்தது. ஒருவர் தன் பேரனுக்குத் தடுப்பூசி போட்ட அன்று காய்ச்சல் வந்ததைச் சொன்னார். இன்னொருவர், இலவசமாகப் போடுகிறார்கள் என்றாலே நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று அர்த்தம் என்றார். விலைக்குப் போட்டால் கொள்ளை என்று போன மாதம் சொன்னவரும் அவரேதான்.

அம்புரோஸ் மாமா கடைசியில் எழுந்தார்.

"ரெட் காயப் போடத் தெரிஞ்சவன் ஒரே அடியில போடுவான். நாலு தபா குத்துறான்னா இன்னா அர்த்தம்? அவனுக்கே அவன் மருந்து மேல நம்பிக்க இல்ல."

கை தட்டினார்கள். டாக்டருக்கு ஓர் ஊசிக்கு இவ்வளவு என்று புள்ளி உண்டு, புள்ளி சேர்ந்தால் அடையாறு பக்கம் மாற்றல் கிடைக்கும் என்று மாமா விளக்கினார். இதை யாரும் சந்தேகிக்கவில்லை. எங்கள் பக்கம் வேலைக்கு வருகிற எல்லாருமே முதல் நாளே மாற்றலுக்கு எழுதிப் போடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

டாக்டர் டென்னிஸைப் பார்த்து மட்டும் பேசினார். "கைய தொடல. மிச்ச ஊசிய தொடையில போடறேன். ஆனா விரல்ல போட வேண்டியத விரல்லதான் போடணும். இந்த நோய் வந்துட்டா என்கிட்ட மருந்து இல்ல, டென்னிஸ். யார்கிட்டயுமே இல்ல."

"கேட்டுக்கினீங்களா?" என்றார் மாமா கூட்டத்தைப் பார்த்து. "வந்துச்சுன்னா மருந்து இல்லியாம். வராததுக்கு நாலு மருந்து கீதாம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் டீக்கடை உசேன் பாய் பேசினார். அவர் கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. அவருடைய வீடு எர்ணாவூரில், தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. எங்க பக்கம் கலீஜா வாட அடிச்சு, பசங்கள்லாம் இருமிக்கினே கெடந்துச்சுங்க. ஒரு வண்டி வந்துச்சு. எல்லார் கையிலயும் ரத்தம் எடுத்துகினு போனாங்க. அதுல இன்னா இருந்துச்சுன்னு யாரும் வந்து சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"எந்த வருஷம் பாய்?"

அவர் சொன்னார்.

"நான் அப்ப படிச்சுட்டிருந்தேன்" என்றார் டாக்டர்.

வாதம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. டென்னிஸ் டாக்டரை வாசல் வரை கொண்டுபோய் விட்டான். போட்டி முடியட்டும், முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் போட்டுக்கொள்கிறேன் என்று அவன் மரியாதையாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அப்படிப் போட முடியாது என்று அவர் சொன்னதும் கேட்டது.

போட்டியில் டென்னிஸ் மூன்றாம் இடம். தோளில் தூக்கி வந்தோம். மன்றத்து வாசலில் இருக்கும் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. கல்லூரியில் படிப்பவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகக் கொடுத்தது. அதில் நான் எழுதியதில் பாதி, சொந்தச் சரக்கு. வடசென்னைக் காற்றை அரசு குப்பியில் அடைத்து விற்கப்போகிறது என்று ஒருமுறை எழுதினேன். வரிசை எங்கே என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அன்று "வென்றது விரல்" என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு ஜானட், இப்பவாவது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு ஜோ என்றாள். சொன்னேன். நாய் கடித்து இத்தனை நாளாகியும் அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்று மாமா கேட்டார். அந்த ஒன்றுமே ஆகாதது அவருடைய இரண்டாவது வெற்றி.

மூன்றாவது வெற்றி சில வாரம் கழித்து வந்தது. பழகிக்கொண்டிருந்த டென்னிஸ் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு விரலை உதறினான்.

"எறும்பு ஊர்ற மாதிரியே கீது மாமா."

அம்புரோஸ் மாமா அந்த விரலைப் பிடித்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தினார். "பாத்துக்குங்க. நான் இன்னா சொன்னேன்? ஊசி வேலைய காட்டிடுச்சு."

தெருவே ஒப்புக்கொண்டது. சொன்னது அப்படியே நடந்தால் பிறகு யாரைத்தான் நம்புவது. தலைவர் சொன்னபடி பலகையிலும் எழுதியாயிற்று.

மறுநாள் உசேன் பாய் கடையில் டென்னிஸ் டீ கிளாஸை வாய் வரைக்கும் கொண்டுபோனான். தொண்டை இழுத்துக்கொண்டது. கிளாஸ் கீழே விழுந்தது. ஃபேனைப் போட்டால் காற்றுப் பட்டு உடம்பு தூக்கிப் போட்டது. மன்றத்தில் படுக்க வைத்தார்கள். அம்புரோஸ் மாமா அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நைனா, ஒரு வாய் குடிச்சுடுடா என்று ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். அவன் வாயிலிருந்து வழிந்ததையெல்லாம் வெறுங்கையால் துடைத்தார். அந்தக் கையில், போர்டு விளிம்பைத் தேய்க்கும்போது உப்புத்தாள் கிழித்த காயம் இருந்தது. அவர் அழுததை நான் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவனை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். வேறு எதுவும் செய்வதற்கில்லை என்று டாக்டர் ஹெப்சிபா முன்பே சொல்லியிருந்தார்.

அடக்கத்துக்கு முன்னால் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறிபார்க்கும் டென்னிஸ். கீழே அம்புரோஸ் மாமா சொல்லி அச்சடித்த வரி: "ஊசிக்குப் பலியான எங்கள் விரலே." படித்தவர்கள் நின்று படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் படித்துச் சொன்னார்கள்.

மறுநாள் டாக்டர் வந்தார், இந்த முறை ஜானட்டின் வீட்டுக்கு. டென்னிஸின் எச்சில் பட்டவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்வது நல்லது, அவளும் குழந்தையும் முக்கியம் என்றார். அவன் மீதம் வைத்த டீயைத்தான் அவள் குடித்தாள். குழந்தைக்கு அவன் வாயிலிருந்து எடுத்து ஊட்டுவான்.

ஜானட் மெர்லினை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒரு ஊசிக்கே அவரு போய்ட்டாரு. எம் பொண்ணுக்கு நாலு ஊசியா?"

"ஒரு ஊசியோட நின்னதாலதாம்மா" என்றார் டாக்டர்.

அதற்குள் அம்புரோஸ் மாமா வந்துவிட்டார். இன்னொரு தடவை ஊசியோடு இந்தச் சந்தில் கால் வைக்கக் கூடாது என்றார். பின்னால் தெரு நின்றது. டாக்டர் போகும்போது மாமாவின் கையைப் பார்த்தார். "உங்களுக்கும்தான், சார். அந்தக் காயம்." மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் மாமா என்னைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். போரிக் பவுடர் வாங்க வேண்டும், புளியந்தோப்பில்தான் நல்ல சரக்கு. போரிக் பவுடர் எங்கள் தெருவிலேயே மூன்று கடையில் கிடைக்கும். வண்டியை எடுத்தேன். அங்கே ஒரு டீக்கடையில் என்னை நிறுத்திவிட்டு நடந்து போனவர், அரசு ஆஸ்பத்திரி கேட்டுக்குள் திரும்பினார். வெகுநேரம் கழித்து வந்தார். இரண்டு கையையும் உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு, புதுச்சட்டை போட்ட குழந்தை மாதிரி நடந்தார்.

"ஸ்டாக் இல்லியாம்" என்றார்.

நேராக ஜானட்டிடம் போய்ச் சொன்னேன். மாமா போட்டுக்கொண்டு வந்துவிட்டார், நீயும் குழந்தையும் இன்றைக்கே கிளம்புங்கள், நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். டென்னிஸ் போனதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"நீ போர்டுல எழுதற மாதிரியே பேசற ஜோ."

சத்தியம் செய்தேன். சாயங்காலம் அவள் மாமாவிடமே கேட்டாள். சூசையப்பர் மேல் அவரும் சத்தியம் செய்தார். இரண்டு சத்தியத்தில் வயதில் பெரியவருடையது நின்றது.

மூன்று நாளில் பவுடர் மறுபடியும் தேவைப்பட்டது. வழியில், டாக்டர் ஹெப்சிபாவைப் பொன்னேரிக்கும் அந்தப் பக்கம் எங்கோ மாற்றிவிட்டார்கள் என்று மாமா சொன்னார். "நான் அப்பவே சொன்னேன்ல? டிரான்ஸ்ஃபருக்குத்தான் அலைஞ்சுகினு இருந்தா."

இந்த முறை டீக்கடையில் நிற்காமல் பின்னாலேயே போனேன். நாய்க்கடி ஊசி போடும் அறைக்கு வெளியே வரிசை. முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் மாமா, யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்தபடி. அவர் முறை வந்தது. நர்ஸ் பேர் கேட்டார்.

"சுப்பராயன்."

சட்டையின் கைப் பொத்தானை அவிழ்த்து இடது கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கையில் போட்டு முடித்த நர்ஸ், வலதையும் காட்டச் சொன்னார். மாமா ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அதையும் தோள்வரை சுருட்டினார். ஊசி ஏறும்போது அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் தொடைமேல் மெல்ல மடங்கி நிமிர்ந்தது, ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற மாதிரி.

"அடுத்தத தவற விட்டுடாதீங்க, சுப்பராயன்" என்றார் நர்ஸ்.

"மாட்டேம்மா" என்றார் அம்புரோஸ் மாமா.