மாமா குறித்த மாதம்

ஷோமரியின் கல்யாணம் ஒரே ஒரு வாந்தியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா கிப்வானா, ரூஃபிஜி ஆறு கடலில் விழும் இடத்தில் நெல் விதைக்கிறவர், தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"உன் தீவுக்கு ஒரு தடவை வருவேன். வழியில வாந்தி எடுத்தேன்னா பொண்ணு கிடையாது. நான் போய்ப் பார்க்க முடியாத ஊருக்கு என் மகள அனுப்ப மாட்டேன்."

ஷோமரிக்கு இது நியாயமாகவே பட்டது. அவன் ஜிபோண்டோத் தீவில் பாய்மரப் படகு ஓட்டுகிறவன். கடல் எப்போது சாதுவாக இருக்கும் என்று தெரியும்.

"நவம்பர்ல வாங்க மாமா. படகுல உக்காந்து கஞ்சி குடிக்கலாம், சிந்தாது."

"நவம்பர் எவனுக்கு வேணும்? நோன்பு முடிஞ்சு நாலாம் மாசம். அதுதான் கடலுக்கு நல்ல மாசம். பதினாலு வருஷத்துக்கு முன்னால அந்த மாசத்துலதான் உங்க ஊருக்குப் படகு வாங்க வந்தேன். தண்ணி அசையல. அதுல முகம் பார்த்து மீசைய ஒதுக்கிக்கிட்டே வந்தேன்."

ஷோமரி மனத்துக்குள் கணக்குப் போட்டான். பிறையை வைத்து எண்ணுகிற மாதங்கள் ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னால் நழுவுகின்றன. காற்று பிறையைப் பார்த்து வீசுவதில்லை. அன்று நவம்பர் கடைசியில் விழுந்த நாலாம் மாதம், இப்போது ஜூலைக்கு வந்துவிட்டது. குசி என்கிற தென்காற்று உச்சத்தில் இருக்கும் நேரம்.

குசியைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஷோமரியின் சித்தி ஒரு ஜூலையில் வெள்ளாட்டைக் கட்ட மறந்துவிட்டாள். ஆடு காற்றோடு வடக்கே போய்விட்டது. டிசம்பரில் காற்று திரும்பியபோது இரண்டு குட்டிகளோடு அதே முற்றத்தில் வந்து இறங்கியது. குட்டிகளின் காதைப் பார்த்து, அவை ஸான்ஸிபார்க் குட்டிகள் என்று ஊர் ஒப்புக்கொண்டது.

"மாமா, அந்த மாசம் நகர்ந்து போச்சு."

"நோன்பு நகரும்னு எனக்குத் தெரியாதா? நோன்பு நகர்ந்தா கடலும் கூடவே நகருது. எனக்கே மாசம் சொல்லித் தர்றியா? இல்ல, நாள் கடத்துறியா? ஹம்தானியும் என் மகளக் கேட்டிருக்கான். அவன் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள்ல பன்னெண்டு மாசமும் போகலாம்."

ஷோமரி அவர் சொன்ன மாதத்திலேயே ஒரு நாளைக் குறித்துக்கொண்டான்.

குறித்த நாள் விடிந்தபோது கிப்வானா புதுத் தொப்பி போட்டுக்கொண்டு படகேறினார். கயிற்றை அவிழ்க்க வந்த சாக்கில் சோமோவே என்கிற அவர் மகள் ஷோமரியிடம் முணுமுணுத்தாள்.

"வெறும் வயித்தோட போங்கப்பான்னு சொன்னேன். தேங்காப்பால் மீன் குழம்போட மூணு தட்டு சோறு சாப்பிட்டிருக்காரு."

"மூணா?"

"மூணாவது தட்டு என்னை எதுத்துச் சாப்பிட்டது."

அலையாத்திக் காட்டுக்குள் ஆறு அமைதியாக இருந்தது. கிப்வானா புன்னகைத்தார். "பார்த்தியா? நாலாம் மாசம்." கடைசி மரத்தைப் படகு தாண்டியது. அதன் பிறகு அவர் புன்னகைக்கவில்லை.

காற்று எதிரே வந்தது. படகு ஒவ்வோர் அலையிலும் ஏறி, மேலே ஒரு நொடி யோசித்து, தொப்பென்று விழுந்தது. கொம்போ, படகில் இருந்த ஒரே கூலியாள், வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தான். ஷோமரி சுக்கானைப் பிடித்தபடி கிப்வானாவின் முகத்தையே பார்த்தான். எத்தனையோ பேரை ஏற்றியவன், வரிசை அவனுக்கு மனப்பாடம். முதலில் பேச்சு நிற்கும். அப்புறம் கொட்டாவி. அப்புறம் வாயில் நீர் ஊறும். அப்புறம் அவ்வளவுதான்.

பேச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. இப்போது கொட்டாவி வந்தது.

ஓர் அலை பக்கவாட்டில் ஏறி, படகு முழங்கால்வரை நிறைந்தது.

"அண்ணே, மாமனாரப் பார்க்காத, அலையப் பாரு," என்றான் கொம்போ. "மாமனாரு வேற கிடைப்பாரு."

ஷோமரி சுக்கானைத் திருப்பி அடுத்த அலையைத் தப்பவைத்தான். திரும்பிப் பார்த்தபோது கிப்வானா விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகம் பழுக்காத பப்பாளி நிறம். தொண்டை மேலே ஏறியது. திரும்பிவிடலாம், காற்று பின்னால் இருந்தால் ஒரு மணி நேரத்தில் கரை. ஆனால் திரும்பினாலும் பெண் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த மனிதர் தன் வயிற்றை விட்டுக்கொடுப்பார், மாதத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்.

"மாமா," என்று காற்றுக்கு மேல் கத்தினான். "முடியலன்னா எடுத்துடுங்க. ஹம்தானிக்கே பொண்ணக் கொடுங்க, எனக்கு வருத்தமில்ல. மாமாவுக்கு ஒண்ணுமில்ல, அவரு குறிச்ச மாசந்தான் தப்புன்னு நானே ஊர்ல சொல்லிடறேன்."

கிப்வானாவின் கண் மட்டும் அவன் பக்கம் திரும்பியது. தொண்டை அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. அந்தச் சத்தம் குசியை மீறிக் கேட்டது.

"மாசம்," என்றார் பல்லைக் கடித்தபடி, "சரியாத்தான் இருக்கு."

மீதி ஐந்து மணி நேரம் அவர் வாய் திறக்கவில்லை. அந்தச் சோறு எத்தனை தடவை மேலே வந்து திரும்பிப் போயிற்று என்று கொம்போ எண்ணினான். பதினேழு. பதினொன்றாவது தடவை அவர் மூக்கையும் பிடித்துக்கொண்டார்.

ஜிபோண்டோக் கரையில் ஊரே நின்றது. வந்த விருந்தாளி உட்காருமுன் ஒரு வாய் சாப்பிடவேண்டும். ஷோமரியின் அம்மா தண்ணீர் விளிம்புக்கே வந்து தட்டை நீட்டினாள். ஆக்டோபஸ் குழம்பு, ஆவி பறந்தது. ஷோமரி கண்ணை மூடிக்கொண்டான். இதை அவன் நினைக்கவே இல்லை.

கிப்வானா தட்டைப் பார்த்தார். தட்டும் எட்டுக் கால்களோடு அவரைப் பார்த்தது. யாரும் அசையவில்லை. அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, ஆடு அசைபோடுவதுபோல் நெடுநேரம் மென்று விழுங்கினார்.

"உப்பு கம்மி," என்றார். "பொண்ணக் கொடுத்தேன்." சொல்லிவிட்டு மணலில் படுத்தார்.

மறுநாள் காலை ஷோமரி படகை இறக்கிவிட்டு அவரிடம் வந்தான்.

"கிளம்பலாமா மாமா?"

கிப்வானா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "மகள அடுத்த வாரம் இங்க கூட்டிட்டு வா. நிக்காஹ் இங்கயே வச்சுக்கலாம்."

"சரி மாமா. அப்புறம் அவளப் பார்க்க அடிக்கடி வருவீங்கல்ல?"

"வர்றதுக்கு," என்றார் அவர், "முதல்ல போகணுமே."

ஷோமரி படகை மறுபடி கரைக்கு இழுத்தான்.