சம்மந்தி பந்து

மானகிரிப் பொட்டலில் நாங்கள் கோல்ப் ஆடினோம் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. நம்பச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதும் இல்லை. பொட்டல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய அழகுசுந்தரம் செட்டியார், மற்றவர்கள் தேக்கும் பீங்கானும் கொண்டுவந்த கப்பலில் ஒரு தோல்பை நிறைய இரும்புக் கம்புகளைக் கொண்டுவந்து இறங்கினார். ஆடுவதற்கு இடம் கொடுத்தவர் தங்கச்சாமி. எள் விதைத்தால் எள்ளே திரும்பி வந்து கோபித்துக்கொள்ளும் பொட்டல் அது, அதனால் கேட்டவுடன் கொடுத்துவிட்டார். கோல்ப் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்க வேண்டுமாம். மானகிரியில் புல்லுக்கு எங்கே போவது? மணலைக் கொட்டி, பறக்காமல் இருக்க அதன்மேல் கழிவு எண்ணெய் ஊற்றினோம். காரைக்குடியில் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்த மருதுவாகிய நான்தான் எண்ணெய் கொடுத்தேன். என்னைக் கிளப்பில் சேர்த்துக்கொண்டதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியாது. குழி என்பது மண்ணில் புதைத்த ஒரு பால்பவுடர் டப்பா.

அறுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம் கோட்டையூர்க்காரர்களோடு ஒரு சினேகப் பந்தயம் வைத்தோம். ஒரு பக்கத்துக்கு நாலு பேர். முறையை அழகுசுந்தரம்தான் விளக்கினார்.

"நாலு பேரும் ஆளுக்கு ஒரு அடி அடிக்கணும். நாலு பந்துல எது நல்ல இடத்துல கெடக்கோ அதை மட்டும் வச்சுக்கிட்டு மத்த மூணையும் பொறுக்கிரணும். பெறகு எல்லாரும் அங்கயிருந்து அடிக்கணும். இதுக்குப் பேரு ஸ்கிராம்பிள்."

"ஏண்ணே, மோசமா அடிச்சவன் என்ன செய்யிறது?" என்று தங்கச்சாமி கேட்டார். அவர் கம்பை மண்வெட்டி பிடிப்பதுபோல் பிடிப்பார்.

"பேசாம பின்னாடியே வாரது."

பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர். ஆளுக்கு ஓர் அடுக்கு என்று நாலு அடுக்கு. ஆனால் அழகுசுந்தரத்தின் கவலை கேரியர் இல்லை, கம்புகள்.

அவர் மனைவி மெய்யம்மை ஆச்சி மாடியில் கூழ்வத்தல் காயப்போடுகிற காலம் அது. காக்கை விரட்டக் கம்பு தேடியவர், கண்ணாடி பீரோவில் சும்மா நின்றுகொண்டிருந்த பினாங்குக் கம்புகளைப் பார்த்தார். நீளமும் சரி, கனமும் சரி. "வருஷக்கணக்கா ஆடுறீக, ஒரு கரண்டி ஜெயிச்சு வந்ததில்லை. இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தீகன்னா கம்பு பூராவும் மாடிக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். அழகுசுந்தரம் சாப்பிடும்போதெல்லாம் பீரோவைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

எங்கள் பக்கத்தில் நாலாவது ஆள் அரியக்குடி காசிவிஸ்வநாதன் செட்டியார். அழகுசுந்தரத்தின் மகளை அவர் மகனுக்குக் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதாவது மாப்பிள்ளையின் அப்பச்சி. எங்கள் தலைவலியும் அங்கேதான் தொடங்கியது.

முதல் குழிக்கு நான் அடித்த பந்து, எப்படி என்று கேட்க வேண்டாம், நேராகப் போய்க் கொடிக்கம்புக்குக் கிட்டே நின்றது. காசிவிஸ்வநாதன் செட்டியார் அடித்தது பின்பக்கமாகப் போய், அவர் வந்த காருக்கு அடியில் நுழைந்துகொண்டது.

"மருது பந்து நல்லாக் கெடக்கே" என்றார் காசிவிஸ்வநாதன்.

"அதெப்படி? சம்மந்தி பந்து இருக்கையில மருது பந்தை எடுக்கிறதா?" என்று பதறினார் அழகுசுந்தரம்.

காரைத் தள்ளி நிறுத்திவிட்டு அங்கேயிருந்து அடித்தோம்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சம்மந்தி பந்து கள்ளிக்குள் போனால் நாங்களும் கள்ளிக்குள் போனோம். ஆட்டுமந்தைக்குள் போனால் மந்தை நகரும்வரை நின்றோம். ஒவ்வொரு குழிக்கும் அவருக்கு மட்டும் பெட்டியைப் பிரித்துப் புதுப் பந்து. எங்கள் பந்துகள் எண்ணெய் குடித்து எள்ளுருண்டை மாதிரி ஆகிவிட்டன. அவருடையது மட்டும் முட்டை மாதிரி வெளேரென்று இருக்கும். காசிவிஸ்வநாதன் முதலில் கூச்சப்பட்டார். நாலு குழி தாண்டியதும் "சம்மந்தி, இந்த ஆட்டம் எனக்கு ஒத்து வருதுல்ல?" என்று கேட்க ஆரம்பித்தார்.

இந்த லட்சணத்தில் நாங்கள் எப்போதோ தோற்றிருக்க வேண்டும். தோற்காததற்குக் காரணம் கோட்டையூர். தேனப்பன் தலைமையில் வந்த நாலு பேரும் பங்காளிகள். ஒருவர் பந்தை மற்றவர் நல்ல பந்து என்று ஒப்புக்கொள்வதாவது! "என் பந்து மேட்டுல நிக்கிது", "மேடு ஒன் அப்பன் வீட்டு மேடா?" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு பஞ்சாயத்து. கடைசியில் திருவுளச்சீட்டுப் போட்டு, சீட்டில் வந்த பந்தை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக்குக் கோல்ப் தெரியாது. ஆகவே கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு பக்கமும் சமமாகக் கேவலமாக இருந்தோம்.

கடைசிக் குழி காரைக்குடி சாலையை ஒட்டியது. கோட்டையூர்க்காரர்கள் அதை மூன்று அடியில் முடித்துவிட்டுக் கொடிக்கம்பு நிழலில் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் இரண்டு அடியில் முடித்தால் கேரியர் எங்களுக்கு.

என் பந்து பாதி வழியில் படுத்துவிட்டது. தங்கச்சாமி பந்தை அடிக்காமல் தரையை அடித்ததில் ஒரு கூடை செம்மண் முன்னேறியது.

"கடைசிக் குழி. சம்மந்தி அடிங்க, நான் பெறகு அடிக்கிறேன்" என்றார் காசிவிஸ்வநாதன்.

அழகுசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பந்து உயரப் போய், பொட்டலில் ஒரு தடவை குதித்து, எண்ணெய் மணலில் உருண்டு, குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பினாங்கிலும் அவர் அப்படி அடித்ததில்லை. குழந்தை தள்ளினாலும் உள்ளே விழும். தேனப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்து காசிவிஸ்வநாதன் அடித்தார். அதே நேரம் காரைக்குடி டவுன் பஸ் சாலையில் வந்தது. ஸ்டார்ட்டர் கெட்டுப்போன வண்டி. உயிரோடு இருப்பதே அதிசயம். புதுப் பந்து சாலைப் பக்கம் திரும்பி, ஜன்னல் வழியாக பஸ்ஸுக்குள் ஏறியது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காரைக்குடிக்குப் போய்விட்டது.

புழுதி அடங்கும்வரை காசிவிஸ்வநாதன் சாலையையே பார்த்தார்.

"சம்மந்தி, உங்க பந்தையே எடுத்துக்குவம். என் பந்துதான் ஊருக்குப் போயிருச்சே" என்றார் காசிவிஸ்வநாதன்.

ஆனால் அந்தக் குரல்! கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பார்களே, அந்தக் குரல். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

அழகுசுந்தரம் தம் பந்தைப் பார்த்தார். கையிலிருந்த கம்பைப் பார்த்தார். நான் காதோரமாகச் சொன்னேன்: "அண்ணே, ஒரு சாண்தான். ஆச்சியை நெனைச்சுப் பாருங்க."

"ஆச்சியை நெனைச்சா கம்பு மிஞ்சும். மகளை நெனைக்க வேணாமா?" என்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டார். "சம்மந்தி பந்துதான்."

நடந்து போய், தம் பந்தைக் குனிந்து எடுத்து, வேட்டி நுனியால் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தேனப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பந்து எங்க போயி நிக்கிதோ அங்கயிருந்து தாராளமா அடிங்க. நிக்கிற வரைக்கும் ஒரே அடின்னு கணக்கு. நாங்க காத்திருக்கோம்."

காத்திருந்தோம். வெள்ளைப் பணியாரம் வந்தது, சாப்பிட்டோம். காசிவிஸ்வநாதன் அந்த அடி எப்படி விழுந்தது என்று கோட்டையூர்ப் பங்காளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியபோது அதே பஸ் திரும்பி வந்தது. சாலையில் தங்கச்சாமியின் ஆடுகள் குறுக்கே போனதால் வண்டி ஊர்ந்தது. ஜன்னலில் முட்டை விற்கும் பொன்னுத்தாயியின் தலை தெரிந்தது.

"எவன்டா அவன், முட்டைக் கூடையில கல்லு முட்டையை எறிஞ்சது? ரெண்டு முட்டை போச்சு! இந்தா, நீயே அவிச்சுத் தின்னு!"

ஆத்திரத்தோடு வீசினாள். பந்து சாலையைத் தாண்டிப் பறந்து, கொடிக்கம்பில் 'ணங்' என்று மோதி, எண்ணெய் மணலில் விழுந்தது. விழுந்தது சும்மா இருந்ததா? நவக்கிரகம் சுற்றுகிற மாதிரி குழியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு டப்பாவுக்குள் இறங்கியது.

"ஒரே அடி!" என்றேன் நான்.

"அது எப்படி ஒரே அடி? அந்தம்மா உங்க ஆளா?" தேனப்பன் குதித்தார்.

"நிக்கிற வரைக்கும் ஒரே அடின்னு சொன்னது யாரு? நீங்கதான?"

"காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல நின்னுருக்கும்ல! கண்டக்டர், இங்குட்டு வாங்க! வண்டி காரைக்குடியில நின்னுச்சா இல்லையா?"

கண்டக்டர் முத்துராமலிங்கம் படியிலிருந்து இறங்கி வண்டியோடு கூடவே நடந்தார். "என்ன சார் கேட்டீக? நிறுத்துனா மறுபடி யாரு தள்ளுறது? காலையில டிரைவர் மலையாண்டி அண்ணன் எடுத்த வண்டி, இன்னும் நிறுத்தலை. ஸ்டாண்டை ஒரு சுத்துச் சுத்திட்டு அப்படியே வாரோம். ஏறுறவுக ஏறுவாக, குதிக்கிறவுக குதிப்பாக."

"நிறுத்தியிருந்தா நான் ஏன்டா முட்டையோட திரும்பி வாரேன்?" என்று ஜன்னலிலிருந்து பொன்னுத்தாயி கத்தினாள். "முட்டைக் கூடையோட குதிக்கச் சொல்றான் பாவி!"

பஸ் போய்விட்டது. அந்தச் சாட்சியத்தைக் கேட்ட பிறகும் பங்காளிகள் நாலு பேருக்கும் ஒருமித்த கருத்து வரவில்லை. திருவுளச்சீட்டுப் போட்டார்கள். எங்களுக்கு விழுந்தது.

கேரியர் அழகுசுந்தரம் கைக்கு வந்தது. நாலு அடுக்கும் வெயிலில் மின்னின. அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அவர் அன்று அதோடுதான் தூங்குவார் என்று தோன்றியது. அப்போது காசிவிஸ்வநாதன் சொன்னார்: "நல்ல கனமான கேரியர்."

அவ்வளவுதான் சொன்னார்.

"சம்மந்தி வச்சுக்கங்க" என்றார் அழகுசுந்தரம். சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். வாய் பழகிவிட்டிருந்தது. என்னையும் தங்கச்சாமியையும் பார்த்தார். எங்கள் அடுக்குகளும் சேர்ந்துதான் அரியக்குடிக்குப் போயின.

வீடு வரைக்கும் அவருக்குத் துணையாக நான் போனேன். துணை என்றால், வேடிக்கை பார்க்கத்தான். ஆச்சி மாடிப்படியில் நின்று அவர் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"தோத்தாச்சா?"

"ஜெயிச்சோம்."

"எங்க?"

"சம்மந்திக்குக் குடுத்துட்டேன்."

அழகுசுந்தரம் தோல்பையைத் தாமாகவே தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்தார். ஆச்சி இரண்டு படி இறங்கி வந்தார்.

"குடுக்காம இங்க தூக்கிட்டு வந்திருந்தீகன்னா கம்போட உங்களையும் மாடியில நிக்க வச்சிருப்பேன்" என்றார். "அந்த வீட்டுல எம் மக இருக்கா. அவ மாமனாரு, தாம் ஜெயிச்ச கேரியர்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியட்டும், அவளுக்கு நல்லதுதான். கம்பை உள்ள வைங்க."

கம்புகள் பீரோவுக்குத் திரும்பின, ஒன்றைத் தவிர. நீளமான அந்த ஒன்றை ஆச்சி பையிலிருந்து உருவிக்கொண்டு மாடிக்குப் போனார். வெறுங்கை வெறுங்கைதானே.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில், வத்தல் காய்ந்து கம்பு இறங்கி வரட்டும் என்று நாங்கள் முற்றத்தில் காத்திருப்போம். ஒருநாள் மாடியில் காக்கைமேல் ஆச்சி கம்பை வீசினார். இடுப்பு திரும்பிய திரும்பல் என்ன, தோளுக்குமேல் கம்பு போய் நின்ற அழகு என்ன! வத்தல் ஒன்று எகிறி, மூன்று வீடு தாண்டிப் போய் விழுந்தது. காக்கை தேவகோட்டைப் பக்கம் போனதுதான், திரும்பவில்லை.

அழகுசுந்தரம் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். "மருது, அடுத்த வருஷம் நாலாவது ஆளு யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆனா சம்மந்தி கோவிச்சுக்குவாரே."