திருப்ப மறந்த பலகை

"அந்தச் சிவப்புத் துணி காஞ்சிடுச்சா?" என்றுதான் கேட்டான், வேறொன்றும் இல்லை, மூன்று வாரமாக அந்த ஒரு வரியை உதறி உதறிப் பார்க்கிறாள் தர்ஸா, மடிப்பில் வேறேதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று, இல்லை, படம் கழுவும் இருட்டு வண்டியின் ஜன்னலுக்குக் கட்டும் துணி, முந்தின நாள் மழையில் நனைந்தது, அதைத்தான் கடைசியாகக் கேட்டான் அவள் புருஷன் ஓரின், அவளும் மருந்துத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, தலை நிமிராமல், "கொடியில கெடக்கு, போய்த் தொட்டுப் பாரு, உனக்கென்ன கை இல்லையா?" என்றாள்... சிரித்தானா? சிரித்த மாதிரிதான் இருந்தது, பூட்ஸ் சத்தம் கொடி வரைக்கும் போனது, பிறகு அங்கிருந்து கிணறு வெட்டும் இடத்துக்குப் போனது, நூற்றெண்பது அடி இறங்கிவிட்டார்கள், இன்னும் தண்ணீர் வரவில்லை, அந்த ஆட்களைக் காலையிலேயே படம் எடுத்தாயிற்று, பின்னே எதற்குப் போனான்? கிணறு வெட்டும் டோலன்தான் பிறகு சொன்னான், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, சொல்லும்போதே அழுதான் அந்த முரட்டு ஆள், "படம் எடுத்துட்டேன் டோலன், ஆனா நாள் முழுக்க நீ அங்க எதைப் பாத்துக்கிட்டு வெட்டறேன்னு எனக்குத் தெரியலையே, ஒரு தடவ எறக்கி விடு" என்று கேட்டானாம், சாப்பாட்டு நேரம், உள்ளே யாரும் இல்லை, காலையில் மெழுகுவத்தி இறக்கிப் பார்த்தார்கள், நன்றாக எரிந்தது, மத்தியானம் யாரும் பார்க்கவில்லை, அடியில் கெட்ட காற்று எப்போது வந்து தேங்கியதோ, வாளி மேலே வந்தபோது அவன் அதில் உட்கார்ந்தபடியே இருந்தான், கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் ஆறப் போகிறது. அடுப்பில் இன்னும் இரண்டு சாணி வில்லையைப் போட்டாள், வாணலியில் சலவைச் சோடா கலந்த வெந்நீர், அதில் படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கால் மணி நேரம் ஊறப்போட்டால் மேலிருக்கும் படலம் ஆடை மாதிரி எழும்பிவிடும், மழுங்கிய கத்தியால் ஒரு இழுப்பு, ஒரு துடைப்பு, அவ்வளவுதான், ஒரு குடும்பமும் அதன் வீடும் மாடும் போய், கண்ணாடி கண்ணாடியாக நிற்கும். நாளைக் காலை பிக்ஸ் வண்டியோடு வருவான், தக்காளி நாற்றும் முட்டைக்கோசு நாற்றும் வளர்க்கக் கண்ணாடிக் குடில் கட்டுகிறான், இந்தப் பக்கத்தில் ஜன்னல் கண்ணாடி கிடைப்பதே அபூர்வம், இங்கே கொட்டகையில் ஆயிரத்துக்கு மேல் கிடக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதற்கு ஈடாக அவளையும் அவள் பெட்டியையும் நாற்பது மைல் தள்ளி ரயிலில் ஏற்றிவிடுவதாகப் பேச்சு, அயோவாவில் அண்ணன் இருக்கிறான், அவன் வீட்டில் ஒரு அறை இருக்கிறது, ஒரே ஒரு மரப்பெட்டிக்கு இடம் இருக்கிறது, நாற்பது தகடு கொள்ளும், நெருக்கினால் நாற்பத்திரண்டு. எந்த நாற்பத்திரண்டு? காலையில் தொடங்கும்போது சுலபமாகத்தான் இருந்தது, பாங்கிக்காரர்களும் நகர சபைக்காரர்களும் வயிற்றில் கடிகாரச் சங்கிலியோடு நிற்கும் தகடுகளைத்தான் முதலில் ஊறப்போட்டாள், சுரண்டும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொல்ல வேண்டும், பிறகு வெளிச்சம் புகுந்து கெட்டவை, விரிசல் விட்டவை, ஒன்றுக்கு இரண்டாக எடுத்தவை... அறுபது தகடு சுத்தமாகச் சுவரோரம் அடுக்கியாயிற்று. அறுபத்தொன்றாவதில் கை நின்றுவிட்டது.

லுட்மிலா. பெயரைச் சொல்லி அவன் எத்தனை தடவை சிரித்திருப்பான், பொஹீமியாக்காரி, புருஷன் ரயில் பாதை வேலைக்குப் போய்விட, புல்வெளியில் காய்ந்து கிடக்கும் மாட்டுச் சாணியைத் தள்ளுவண்டியில் மலையாகக் குவித்து நடுவில் நிற்கிறாள், வெறுங்கை, வெறுங்கால், தகட்டில் அவள் முகம் கறுப்பு, பாவாடை வெள்ளை, வானம் மை மாதிரி, மற்றவர்களுக்கு இது பேயாகத் தெரியும், தர்ஸாவுக்கு இப்படித்தான் பார்த்துப் பழக்கம், பதினோரு வருஷமாக மனிதர்களை முதலில் இப்படிக் கறுப்பு வெள்ளை மாறித்தான் சந்திக்கிறாள், தட்டில் மருந்து அலையும்போது முதலில் சட்டைக் காலர் வரும், பிறகு பற்கள், கடைசியில்தான் கண். லுட்மிலா முகத்தை மூடிக்கொண்டாள், சாணி பொறுக்குவதையா படம் எடுப்பீர்கள், ஊருக்கு அனுப்பினால் அம்மா என்ன நினைப்பாள், வீட்டிலிருந்து பின்னல் திரையை எடுத்து வந்து வண்டியை மூடப் போனாள், ஓரின் தொப்பியைக் கழற்றிவிட்டு, "மூடாதம்மா. இது ஒரு குளிர்காலம் முழுக்க உன் புள்ளைங்க விறைக்காம இருக்கப் போற சூடு. இத விட ஒசத்தியா உங்கிட்ட என்ன இருக்கு, சொல்லு, அத எடுக்கறேன்" என்றான், அவள் கொஞ்சம் யோசித்தாள், ஒன்றும் இல்லை என்றாள், திரையைத் தோளில் போட்டுக்கொண்டு ராணி மாதிரி நின்றாள். அப்படித்தான் நின்றார்கள் எல்லோரும், எதை வெளியே கொண்டு வரலாம் என்று கேட்டால் போதும், தையல் மெஷினை நான்கு பேர் சுமந்து வருவார்கள், சுவர்க் கடிகாரம், பூசணிக்காய், உழும் கோவேறு கழுதைகளை வால் வரை தேய்த்துவிட்டு, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டின் முன்னால் வரிசையாக... ரஸ்முசென் வீட்டில் வரிசையின் நடுவில் ஒரு காலி நாற்காலி, போன மாதம் தொண்டை அடைத்து இறந்துபோன பெண் குழந்தைக்கு, யாரும் விளக்கவில்லை, அவனும் கேட்கவில்லை, ஆனால் குவியத்தைச் சரிபார்க்கக் கறுப்புத் துணிக்குள் குனிந்தவன் நெடுநேரம் வெளியே வரவில்லை, நாற்காலியின் முகம் தெளிவாக விழ வேண்டும் என்று பார்த்தேன் என்றான் பிறகு, நாற்காலியின் முகம் என்றே சொன்னான். ஏர் பிடிப்பவனை நிற்க வைத்தால் அவன் ஏரைப் பிடித்தபடியே நிற்கட்டும் என்பான், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவனை அவன் வேலையிடம் விட்டுவிடு, கை தானாகப் போய் உட்காரும். எங்கே கற்றான் இதையெல்லாம்? ஓஹையோவில் சேணக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன்.

லுட்மிலாவை எடுத்து வைக்க முடியாது. ஏனென்றால் மத்தியானமே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள், அவன் இருக்கும் தகடுகள் மட்டும் போதும் என்று. அவன் எதிலும் இல்லை, அதுதானே வேடிக்கை, ஊர் ஊராக ஆயிரம் குடும்பத்தைக் கண்ணாடியில் இறக்கியவனுக்கு ஒரு படம் கிடையாது, நாளைக்கு எடுத்துக்கலாம், வெளிச்சம் வீணாகுது என்பான், உன்ன எடுக்கறேன் வா என்று அவளையும் இழுத்து நிறுத்தியதில்லை அவன், அவளும் அவனை நிறுத்தியதில்லை... ஆனால் நிழல் உண்டு. ஒரு நாளில் நான்கு வீடு முடித்தால் நான்காவது வீட்டுக்கு வரும்போது சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும், முன்னால் தரையில் காமிரா முக்காலியின் நிழல், பக்கத்தில் அவன் நிழல், தொப்பியோடு, அவனுக்கு அது மானக்கேடு, அரைகுறைத் தொழில்காரன் செய்கிற பிழை என்பான், அச்சுப் போடும்போது அதை மறைத்து வெட்டுவது அவள் வேலை. வெட்டி எறிந்ததெல்லாம் காகிதத்தில்தான், தகட்டில் அப்படியே இருக்கிறது, கறுப்புத் தரையில் ஆள் வடிவில் ஒரு தெளிந்த கண்ணாடி, அந்த வழியாகப் பார்த்தால் கொட்டகைச் சுவர் தெரிகிறது, இதுவரை இருபத்தாறு நிழல் கிடைத்திருக்கிறது. இருபத்தாறு தொப்பி. ஒன்றிலும் மூக்கு இல்லை. மூன்று வாரம்தானே ஆகிறது, அதற்குள் அவன் மூக்கு எந்தப் பக்கம் சற்று வளைந்திருந்தது என்று சந்தேகம் வந்துவிட்டது, கண்ணை மூடிப் பார்த்தால் முகம் கறுப்பாக, தாடி வெள்ளையாக, தகட்டில் வருகிற மாதிரியே வருகிறது, இப்படியும் ஒரு பெண்டாட்டிக்கு நேருமா?

ஒரே ஒரு தகடு மட்டும் நிழல் இல்லை, அவனேதான், ஆனால் அதைப் பார்க்க முடியாது. கம்பளித் துணியில் சுற்றி மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அவனைக் கதவைக் கழற்றி அதன்மேல் கிடத்தி, மண்சுவரோரம் நிழலில் வைத்திருந்தார்கள், டோலன்தான் மெதுவாக, "ஏம்மா தர்ஸா, ஒரு படம் எடுத்துடேன், அப்புறம் கெடைக்காது" என்றான், அவள் அழவில்லை, முக்காலியை நட்டாள், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள், அங்கே அவன் தலைகீழாகத் தெரிந்தான், வண்டியிலிருந்து தகட்டுச் சட்டத்தை எடுத்து வந்து செருகினாள், தகட்டை மறைக்கும் பலகையை இழுத்தாள், லென்ஸ் மூடியைக் கழற்றி எட்டு வரை எண்ணினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பலகைக்கு ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு, வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே புதுத் தகடு, எடுத்து முடித்ததும் கறுப்பு தெரியும்படி திருப்பிச் செருக வேண்டும், பதினோரு வருஷத்தில் இதில் ஒரு தடவை சண்டை வந்ததில்லை, வெள்ளையா என்பாள், வெள்ளை என்பான். அன்று மருந்தில் போட்டபோது முதலில் ஒரு ராட்டினம் வந்தது. கிணற்று ராட்டினம். பிறகு மூன்று ஆள். பிறகு அவர்களுடைய இடுப்புக்குக் குறுக்கே ஒரு கதவும் அதன்மேல் ஒருவனும்... காலையில் அவன் எடுத்த கிணற்று ஆட்களின் தகட்டிலேயே அவனையும் எடுத்திருந்தாள். தோண்டிக் குவித்த சுண்ணாம்பு மண்ணின் வெளுப்பு அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அப்பட்டமாக விழுந்து முகத்தைத் தின்றுவிட்டது. அவன் திருப்ப மறந்தானா, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் அவசரத்தில்? இல்லை, கறுப்புத் தெரிந்ததா, அவள் கண்தான் அதை வெள்ளையாகப் பார்த்ததா? எதையும் மாற்றிப் பார்த்தே பழகிய கண்... யாரைக் கேட்பது? வெள்ளையா என்றால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? சுரண்ட வேண்டிய தகடு ஒன்று உண்டென்றால் அதுதான். எழுந்து போய் எடுத்து வந்தாள், துணியைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள், தண்ணீர் கொதிக்கிறது.

அப்போதுதான் பிக்ஸ் உள்ளே வந்தான், நாளைக்கு வர வேண்டியவன், கண்ணாடி மேல் ஆசை தாங்காமல் இன்றே வந்து நிற்கிறான், வாயில் புகையிலை.

"என்னம்மா, அறுபதுதான் ஆயிருக்கா? இந்த வேகத்துல போனா என் நாத்து பூத்துக் காய்ச்சுடும்."

"ஆசையா இருந்தா நீங்களும் கத்திய எடுங்க மிஸ்டர் பிக்ஸ். ரெண்டு கை சும்மாதானே தொங்குது."

"ஐயோ, நமக்கு மண்ணுதான் தெரியும், கண்ணாடி தெரியாது." சொல்லிக்கொண்டே லுட்மிலாவைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தான், அடுத்து ரஸ்முசென் குடும்பம், அடுத்து கழுதைக்காரர்கள், ஒவ்வொன்றாக, ஆனால் ஓரங்களில் மட்டும் பிடித்து, அதற்காகவே அவளுக்கு அவனைக் கொஞ்சம் பிடித்தது. "ஆத்தாடி, பேய்க் கூட்டம். இதுங்கள அப்படியே மாட்டினா தக்காளி பயந்து பச்சையாவே நிக்கும்." பிறகு கண்ணைச் சுருக்கினான். "அது சரி, ஏம்மா ஒருத்தராவது நேரா பாக்கல? எல்லாருக்கும் மாறு கண்ணா?"

"நேராத்தான் பாக்கறாங்க."

"எங்க? இந்தா பாரு, சாணிக்காரி அங்க பாக்கறா. இந்தக் கிழவன் அங்க பாக்கறான். நாயும் அங்கதான் பாக்குது. காமிராவுக்கு ஒரு சாண் தள்ளி. அங்க என்ன, தின்பண்டமா வெச்சிருந்தீங்க?"

அவள் தகட்டை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள், சரி, நாளைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் வாருங்கள் என்றாள், அவனும் "கொறஞ்சாலும் பரவால்லம்மா, ஒடைச்சுடாத" என்று போனான், வண்டிச் சத்தம் ஓய்ந்தது. ஒரு சாண் தள்ளி. காமிராப் பெட்டிக்குள் அல்ல, அதற்குப் பக்கத்தில், கழற்றிய மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணுகிறவன் நிற்கிற இடத்தில், லென்ஸின் பித்தளைக் குழாயை யார் பார்ப்பார்கள், மனிதர்கள் மனிதனைத்தான் பார்ப்பார்கள், மூடாதம்மா என்று சொன்னவனை, நாற்காலியைப் பற்றிக் கேட்காதவனை... லுட்மிலாவை எடுத்தாள், ஆமாம். ரஸ்முசென்னின் மனைவி, ஆமாம். கழுதைக்காரர்கள் ஏழு பேரும். பதினோரு வருஷம் காலரையும் பற்களையும் கண்ணையும் வரவழைத்தவள் அந்தக் கண் எங்கே போகிறது என்று ஒரு தடவை பார்த்ததில்லை. நிழலுள்ள தகடு, நிழலில்லாத தகடு, பிரித்து வைத்த இரண்டு குவியலுக்கும் இப்போது வித்தியாசம் இல்லை. சுவரோரம் அறுபது கண்ணாடி சுத்தமாக நின்றது, அதில் எத்தனை ஜோடிக் கண்... பாங்கிக்காரர்கள்கூட அவனைத்தானே பார்த்திருப்பார்கள், வயிற்றை எக்கிக்கொண்டு. மரப்பெட்டி வாயைத் திறந்தபடி கிடக்கிறது, நாற்பத்திரண்டு, நெருக்கினால்.

மடியில் இருந்ததன் துணியைப் பிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக வாசல் பக்கம் உயர்த்திப் பிடித்தாள், கதவு இருந்தது, அதன்மேல் நீண்டு கிடந்தவன் இருந்தான், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண் இருந்தது, அதை விட்டுக் கண்ணை மெதுவாக மேலே கொண்டுபோனாள். டோலன், அவன் தம்பி, கயிறு இழுக்கிறவன். மூவருக்கும் குறுக்கே ஒரு பிணம் கிடக்கிறது, அது அவர்களுக்குத் தெரியாது, காலை ஒன்பது மணி, இன்னும் ஒன்றும் ஆகவில்லை, டோலனின் உதடு ஏதோ வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்ட மாதிரி ஓரத்தில் இழுபட்டிருக்கிறது, மூன்று ஜோடிக் கண்களும் காமிராவுக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் நிற்கின்றன.